மகரிஷி கார்வேயும் மகளிர் உயர்கல்வியும்

பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பு நாடி அயல் மாநிலத்தில் குடியேறிய நம்போன்றோர்க்குக் கடமைகள் இரண்டு உண்டு. தாய்மொழியையும் தமிழ்ப் பண்பையும் மறவாது காத்தல் ஒன்று. நமக்கு வாழ்வளித்த மண்ணின் சான்றோரை அறிந்து போற்றுதல் மற்றொன்று. முதற் கடமையை நம் சங்கம் ஆண்டுதோறும் குறைவின்றி ஆற்றி வருகின்றது. இரண்டாவது கடமையில் ஒரு சிறு பங்கை இம்மலரின் வாயிலாக ஆற்ற வேண்டும் என்னும் விழைவே இக்கட்டுரை.

கடக்வாஸ்லா என்றதும் வெளியூரார்க்கு நினைவு வருவன அணையும் ஏரியும், 1916-ஆம் ஆண்டில் தோன்றிப் பின்னர் இவ்வூரில் நிலைபெற்ற மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமும், 1955 முதல் இங்கு இயங்கிவரும் தேசியப் பாதுகாப்பு அகாதெமியும் ஆகும். அணையிலிருந்து இறங்கும் முட்டா நதியின் போக்கிலேயே புனே நகரை நோக்கிச் சென்றால் வழியில் ஹிங்கணே என்னும் இடம் வரும். இன்று அப்பகுதிக்குக் கார்வே நகர் என்று பெயர். அங்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குடிசை இருந்தது. கணவனை இழந்த இளம்பெண்கள் சிலர் அதில் தங்கி எழுத்துக் கூட்டிப் படித்தனர். அக்குடிசையினின்றும் வளர்ந்ததே இந்தியாவின் முதல் மகளிர் பல்கலைக் கழகம். அதுவும் 1916-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. அதை உருவாக்கியவர் தோண்டோ கேசவ் கார்வே. மராத்தியர் அவரை அன்போடு அண்ணா என்றும், மதிப்போடு மகரிஷி என்றும் அழைத்தனர்.

அவர் வாழ்ந்த காலத்தின் நிலையை அறிந்தாலன்றி அவர் செயலின் அருமை விளங்காது. 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்தாம். பெண்களோ ஆயிரத்துக்கு ஆறு பேர். எழுத்தறிவே இவ்வாறாயின் கல்லூரிப் படிப்பைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ! 1883-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கடம்பினி, சந்திரமுகி என்னும் இரு நங்கையர் பட்டம் பெற்றதே நாடெங்கும் வியந்து பேசப்பட்டது. புனே டெக்கான் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற கார்னீலியா சொராப்ஜி என்னும் பார்ஸி மரபில் வந்த கிறித்தவப் பெண்மணி, தேர்வில் முதன்மை பெற்றும் பெண் என்ற ஒரே காரணத்தால் இங்கிலாந்து செல்வதற்குரிய அரசாங்க உபகாரச் சம்பளத்தை இழந்தார். இதே புனே நகரில் 1848-ஆம் ஆண்டிலேயே ஜோதிராவ் புலேயும் அவர்தம் துணைவியார் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி திறந்து, கல்லடியும் சொல்லடியும் பட்டுப் பாதை அமைத்திருந்தனர். அப்பாதையைக் கல்லூரி வரையிலும் கொண்டு சென்றவர் கார்வே எனலாம்.

இளமையும் கல்வியும்

கார்வே 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், கொங்கணத்து ரத்னகிரி மாவட்டத்தில் ஷேரவலி என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பத்தின் சொந்த ஊர் கடற்கரையை அடுத்த முருட். முன்னோர் செல்வராய் வாழ்ந்தனரேனும், இவர் பிறந்த காலத்தில் குடும்பம் நொடித்துப் போயிருந்தது. தந்தையார் கேசவபந்த் சிறு ஊதியத்துக்குப் பிறரிடம் பணிசெய்து குடும்பம் நடத்தினார்.

இளைஞர் கார்வேயின் கல்வி வேட்கையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1875-ஆம் ஆண்டு, அரசாங்கப் பணிக்குத் தகுதி தரும் ஆறாம் வகுப்புத் தேர்வு சதாராவில் நடைபெற இருந்தது. முருட்டிலிருந்து சதாரா நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவு. இடையே சஹ்யாத்திரி மலைத்தொடர். மழைக்காலமும் ஆயிற்று. தோழர் சிலரோடு அவ்வளவு தொலைவையும் நடந்தே கடந்து, தேர்வுக் குழுவினர் முன் போய் நின்றார். பதினேழு வயது நிரம்பியோரே தேர்வு எழுதலாம் என்பது விதி. கார்வேக்கு வயது நிரம்பியிருந்தது, சான்றிதழும் கையில் இருந்தது. எனினும் மெலிந்து குறுகிய அவர் உருவத்தைக் கண்ட அதிகாரி அதனை நம்ப மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். சோர்ந்து போன இளைஞர் வந்த வழியே திரும்பினார். பின்னர்க் கோலாப்பூரில் அதே தேர்வை எழுதி வெற்றி பெற்றார்.

தகுதி இருந்தும் வாயிலில் நிறுத்தித் திருப்பி அனுப்பப்படுவதன் வேதனை இன்னதென்று அவர் தம் இளமையிலேயே உணர்ந்தார் என்பதற்காகவே இதனை விரித்துரைத்தேன்.

வறுமையினால் படிப்பு விட்டு விட்டுத் தொடர்ந்தது. மெட்ரிகுலேஷன் தேர்வில் அவர் வெற்றி பெற்றது 1881-ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. பம்பாயில் மாணவர்க்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்து அவ்வருவாயில் தாமும் பயின்று, 1884-ஆம் ஆண்டில் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார். அதன்பின் சில ஆண்டுகள் பம்பாயிலேயே கணித ஆசிரியராக இருந்தார். பெண்கள் பள்ளிகளிலும் பாடம் நடத்தினார். கணிதம் பெண்களின் அறிவுக்கு எட்டாதது என்று படித்தவர்களே பேசி வந்த காலம் அது. அப்பேச்சில் பொருளில்லை என்பதை அவர் கரும்பலகையின் முன் நின்றே கண்டறிந்திருத்தல் வேண்டும்.

1891-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இரு மாறுதல்கள் நேர்ந்தன. பதினான்காம் வயதில் அவர் மணந்த ராதாபாய் அவ்வாண்டு காலமானார். மகன் ரகுநாதன் சிறுவன். அவ்வாண்டின் இறுதியிலேயே, கோபால கிருஷ்ண கோகலேயின் அழைப்பை ஏற்றுப் புனே பெர்குசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக அமர்ந்தார். திலகர் விலகிச் சென்றமையால் ஏற்பட்ட இடம் அது. 1914 வரை அப்பதவியில் பணியாற்றினார்.

மறுமணமும் ஊர்விலக்கும்

மனைவியை இழந்த முப்பது வயது ஆடவர் பத்து வயதுச் சிறுமியை மறுமணம் புரிதல் அந்நாளில் இயல்பு. கணவனை இழந்த எட்டு வயதுச் சிறுமி ஆயுள் முழுதும் தலை மழித்து மூலையில் கிடத்தலும் அந்நாளில் இயல்பே. இந்த அநீதியைக் கண்டு மனம் புழுங்கிய கார்வே, மறுமணம் புரிவதாயின் விதவை ஒருவரையே மணப்பது என்று உறுதி பூண்டார்.

அவருடைய நண்பர் ஒருவரின் தங்கை கோதுபாய். மணமான சில மாதங்களிலேயே, எட்டு வயதில் கணவனை இழந்தவர். 1889-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் பண்டித ரமாபாய் பம்பாயில் சாரதா சதனம் என்னும் பள்ளியைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த முதல் விதவை மாணவி இவரே. அப்பள்ளி தோன்றிச் சரியாக நான்கு ஆண்டுகள் நிறைந்த அதே மார்ச் 11-ஆம் நாளில், 1893-ஆம் ஆண்டு, கார்வே இவரை முறைப்படி மணந்தார். மணத்தின்பின் அவர் ஆனந்திபாய் என்று பெயர் பெற்றார். உற்றார் பாயா என்று அழைத்தனர்.

முருட் ஊரார் கொதித்தெழுந்தனர். கார்வே தம்பதியரைத் தம் இல்லத்தில் ஏற்போரும் சாதி விலக்குக்கு உள்ளாவர் என்று முடிவு செய்தனர். பெற்ற தாயின் வீட்டிலும் மகன் தங்க இயலாத நிலை. கார்வே எவரையும் ஏசவில்லை, எதிர்த்து வழக்காடவும் இல்லை. அவ்வாண்டிலேயே விதவா விவாகத்தை ஆதரிக்கும் சங்கம் ஒன்றை நிறுவிப் பணியைத் தொடர்ந்தார்.

ஆனால் விரைவிலேயே ஓர் உண்மையை அவர் கண்டார். மறுமணத்துக்கு இசையும் விதவையர் நூற்றில் ஒருவர் இருவரே. எஞ்சியோர்க்கு வழி யாது? சொந்தக் காலில் நிற்கும் ஆற்றலே அவர்க்கு வழி, அவ்வாற்றலைத் தருவது கல்வியே என்று தெளிந்தார். அவர் வாழ்வின் திருப்புமுனை இதுவே.

ஹிங்கணேக் குடிசை

1896-ஆம் ஆண்டில் புனேயில் அநாத பாலிகாசிரமம் என்னும் விதவையர் இல்லம் தொடங்கப்பெற்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே பிளேக் என்னும் கொள்ளை நோய் நகரில் புகுந்தது. முன்னர்க் கூறிய சாவித்திரிபாய் புலே, அந்நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து தாமும் நோயுற்று 1897-ஆம் ஆண்டில் உயிர் நீத்தார். நகரில் நோய், வைதிகர்களின் பகை ஒருபுறம். இந்நிலையில் ராவ்பகதூர் கணேச கோவிந்த கோகலே என்பவர் ஹிங்கணேயில் ஆறு ஏக்கர் நிலம் வழங்கினார். 1900-ஆம் ஆண்டில் ஆசிரமம் அங்கு ஒரு குடிசையில் குடியேறியது.

பேராசிரியர் கார்வே பகலில் பெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பிப்பார். மாலையில் ஆசிரமத்துக்கு வேண்டிய பொருள்களைச் சுமந்துகொண்டு ஏறத்தாழ நான்கு மைல் நடப்பார். சேறும் முள்ளும் நிறைந்த ஒற்றையடிப் பாதை. இரவில் ஆசிரமத்தில் தங்கிப் பெண்களுக்குப் பாடம் சொல்லி, மறுநாள் காலை மீண்டும் நடந்து கல்லூரி சேர்வார். இன்று அத்திசையில் டெக்கான் ஜிம்கானாவிலிருந்து கோத்ரூட் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலைக்குக் கார்வே சாலை என்று பெயர். அச்சாலையில் வாகன நெரிசலில் நின்று சலித்துக்கொள்ளும் நாம், நடந்து சென்ற அப்பெரியாரை ஒருகணம் நினைத்தல் தகும்.

இப்பணியில் அவருக்குப் பெருந்துணையாய் நின்றவர் பார்வதிபாய் ஆடவலே. ஆனந்திபாயின் உடன்பிறந்தவர், தாமும் ஒரு மகனோடு விதவையானவர். இருபத்தைந்து வயதைக் கடந்த பின்னரே படிக்கத் தொடங்கிய இவ்வம்மையார், ஊர் ஊராகச் சென்று ஆசிரமத்துக்கு நிதி திரட்டினார். 1918-ஆம் ஆண்டில் ஆங்கிலம் அறியாமலேயே அமெரிக்கா சென்று, வீட்டு வேலை செய்து பிழைத்து, அம்மொழியைக் கற்க முயன்றார் என்றால் அவர் நெஞ்சுரத்தை என்னென்பது!

ஆனந்திபாய் அம்மையாரின் தியாகம் வேறு வகையானது. மறுமணம் புரிந்தவரின் தொடர்பு இருப்பின் பழமைப் பற்றுடையோர் தம் பெண்களை ஆசிரமத்துக்கு அனுப்பமாட்டார் என்னும் அச்சம் நிர்வாகிகளிடம் இருந்தது. அதனால் மறுமண இயக்கத்தையும் ஆசிரமத்தையும் கார்வே தனித்தனியே வைத்தார். கணவர் பெண்களுக்கென உழைத்த இடத்திலிருந்து மனைவியே விலகி நிற்க நேர்ந்தது. பிள்ளைகளையும் வறுமையையும் அவர் தனித்துச் சுமந்தார். பெரியோர் வரலாறுகளில் இத்தகைய பக்கங்களையும் நாம் படித்தல் வேண்டும். தொடக்கக் காலத்தில் ஆசிரமம் மேற்சாதிப் பெண்களுக்கே பெரிதும் பயன்பட்டது என்பதும் மறைக்கத் தக்கதன்று.

பல்கலைக் கழகம் பிறந்தது

ரயில்வே இலாகாவில் எழுத்தராகப் பணியாற்றும் எளியேனுக்கு ஒன்று தெரியும். ஒரு வண்டியில் ஏறியோர் கணக்கு வேறு, கடைசி நிலையம் வரை சென்றோர் கணக்கு வேறு. இடையில் எவர் எங்கே இறங்கினர் என்று பார்த்தால்தான் உண்மை புலப்படும். கார்வேயின் சிறப்பெல்லாம், பெண்கள் கல்விப் பயணத்தில் எந்த இடத்தில் இறக்கிவிடப் படுகின்றனர் என்பதை ஒவ்வொன்றாகக் கண்டு, அவ்விடத்திலேயே ஓர் ஏற்பாடு செய்தமையில்தான் இருக்கின்றது.

கணவனை இழந்ததும் படிப்பு நின்றது. அதற்கு விதவையர் இல்லம் கண்டார். இளமை மணத்தால் படிப்பு நின்றது. மணமாகாப் பெண்கள் தங்கிப் பயில 1907-ஆம் ஆண்டில் மகிளா வித்யாலயம் திறந்தார். பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கு மணம் பேசுவது தள்ளிப்போகும் என்பது அவர் கணக்கு. பள்ளியைக் கடந்த பெண்களோ ஆங்கிலம் என்னும் மதிலில் மோதி நின்றனர். அந்நாளைய பல்கலைக் கழகங்களில் பாடம் அனைத்தும் ஆங்கிலத்திலேயே இருந்தன. பதினைந்து வயதில் எழுத்துக் கற்கத் தொடங்கிய பெண், அம்மொழியில் தேர்ந்து வரலாறும் தத்துவமும் எழுதுவது எவ்வாறு?

இக்கேள்விக்கு விடை கிழக்கிலிருந்து வந்தது. ஜப்பானில் 1901-ஆம் ஆண்டில் நருசே என்னும் பெரியார் டோக்கியோவில் மகளிர் பல்கலைக் கழகம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அதைப் பற்றிய சிறு நூல் ஒன்று கார்வேயின் கைக்கு எட்டியது. 1915-ஆம் ஆண்டு டிசம்பரில் பம்பாயில் நடைபெற்ற தேசிய சமூகச் சீர்திருத்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அவர், மகளிர் பல்கலைக் கழகத் திட்டத்தை அங்கே வெளியிட்டார். 1916-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பல்கலைக் கழகம் தோன்றியது. அறிஞர் ராமகிருஷ்ண கோபால பண்டார்கர் முதல் வேந்தர் ஆனார். தாய்மொழியே பயிற்று மொழி. ஆங்கிலம் ஒரு பாடம் மட்டுமே. மறுமாதம் ஹிங்கணேயில் கல்லூரி வகுப்புத் தொடங்கியபோது சேர்ந்த மாணவியர் ஐவர்.

ஐந்து மாணவியர்க்கு ஒரு பல்கலைக் கழகமா என்று எள்ளி நகையாடியோர் பலர். அவர்களுக்கு ஐம்பத்தெட்டு வயதுக் கார்வே விடையிறுத்துக் காலம் போக்கவில்லை. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக நன்கொடை கேட்டுப் புறப்பட்டார். 1920-ஆம் ஆண்டில் பம்பாய்ச் செல்வர் சர் விட்டல்தாஸ் தாக்கர்சி பதினைந்து லட்சம் ரூபாய் வழங்க முன்வந்தார். அவருடைய அன்னையின் பெயரால் அது ஸ்ரீமதி நாதிபாய் தாமோதர் தாக்கர்சி மகளிர் பல்கலைக் கழகம் என்று பெயர் பெற்றது. 1936-ஆம் ஆண்டில் தலைமையிடம் பம்பாய்க்கு மாறியது.

குறை கூறியோர் கூற்று

கார்வேயின் திட்டத்தை வைதிகர் மட்டுமே எதிர்த்தனர் என்று எண்ணலாகாது. பெண்கல்வியில் ஆர்வம் மிக்க அறிஞர் சிலரும் தடை கூறினர். பெண்களுக்கென்று தனிப் பாடத்திட்டமும் தனிப் பட்டமும் வகுத்தால், அப்பட்டம் இரண்டாந்தரமாகவே மதிக்கப்படும் என்பது அவர்கள் வாதம். இல்லறக் கலையும் சுகாதாரமும் கற்பித்துப் பெண்ணை மீண்டும் அடுக்களைக்கே அனுப்புவதா என்றும் கேட்டனர்.

இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அரசாங்கத்தின் சட்ட அங்கீகாரம் இன்றியே அப்பல்கலைக் கழகம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. அங்குப் பட்டம் பெற்ற பெண்கள் அரசாங்கப் பணிகளை நாடும்போது பிற பல்கலைக் கழகப் பட்டதாரிகளோடு சமமாக எண்ணப்படவில்லை. 1949-ஆம் ஆண்டில் பம்பாய் அரசாங்கம் சட்டம் இயற்றி, 1951-ஆம் ஆண்டில்தான் முழுத் தகுதி கிடைத்தது. அப்போது கார்வேக்கு வயது தொண்ணூற்று மூன்று.

ஆயினும் மற்றொரு பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் கதவுகள் பெண்களுக்குச் சட்டப்படி திறந்தே இருந்தன. திறந்த கதவினுள் நுழைந்தோர் மிகச் சிலர். தங்க இடம் இல்லாதவளுக்கும், ஆங்கிலம் அறியாதவளுக்கும், இருபது வயதில் மூன்றாம் வகுப்புப் படித்தவளுக்கும் திறந்த கதவால் பயன் என்ன? கார்வே அவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் நின்ற இடத்திலிருந்தே படிக்கட்டு அமைத்தார். படிக்கட்டு சிறிது குறையுடையதாக இருந்தாலும் அதன்மீது ஏறியோர் உண்டு.

இக்கேள்விக்கு ஹிங்கணேயே காலப்போக்கில் விடை கூறியது எனலாம். கார்வே தொடங்கிய ஸ்தாபனம் இன்று மகரிஷி கார்வே ஸ்திரீ சிக்ஷண சம்ஸ்தா என்னும் பெயரில் பள்ளிகளும் விடுதிகளும் கல்லூரிகளும் நடத்தி வருகின்றது. 1991-ஆம் ஆண்டில் அது அதே கார்வே நகரில் மகளிர் பொறியியற் கல்லூரி ஒன்றைத் திறந்தது. அடுக்களைக் கல்வி என்று ஐயுற்ற இடத்தில் இன்று பெண்கள் கணிப்பொறியும் இயந்திரவியலும் பயில்கின்றனர்.

முதுமையிலும் ஓயாத உழைப்பு

எழுபத்தோராம் வயதில், 1929-ஆம் ஆண்டில், கார்வே உலகப் பயணம் புறப்பட்டார். ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கண்டு, தமக்கு வழிகாட்டிய டோக்கியோ மகளிர் பல்கலைக் கழகத்தையும் நேரில் பார்த்துத் திரும்பினார். பெர்லினில் விஞ்ஞானி ஐன்ஸ்டைனைச் சந்தித்தார். அடுத்துக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் சென்று, அங்குக் குடியேறியிருந்த இந்தியரிடம் நிதி திரட்டினார். அயல்மண்ணில் உழைத்துப் பிழைத்தோரின் காசும் ஹிங்கணேக் கட்டடங்களில் கலந்திருக்கின்றது என்பது நம்போன்ற புலம்பெயர்ந்தோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

எழுபத்தெட்டாம் வயதில் சிற்றூர்களின் ஆரம்பக் கல்விக்கென ஒரு சங்கமும், எண்பத்தாறாம் வயதில், 1944-ஆம் ஆண்டில், சாதி வேற்றுமை ஒழியச் சமதா சங்கமும் நிறுவினார். அவருடைய மூத்த மகன் ரகுநாதர் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்தில் முன்னோடியாய் நின்று இன்னல்கள் ஏற்றார். மற்றொரு மகனின் மனைவி இராவதி கார்வே மானிடவியலில் புகழ்பெற்ற அறிஞராய் விளங்கினார். மருமகள் ஆராய்ச்சி செய்து நூல் எழுதும் இல்லமாக அவர் இல்லம் இருந்தது. 1950-ஆம் ஆண்டில் ஆனந்திபாய் அம்மையார் மறைந்தார்.

நூற்றாண்டு நிறைந்த 1958-ஆம் ஆண்டில் நாடு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கியது. அவர் உருவம் பொறித்த தபால்தலையும் வெளியிடப்பட்டது. 1962-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், தமது நூற்று நான்காம் வயதில், புனேயில் இயற்கை எய்தினார்.

தமிழகத்தில் எழுந்த குரல்

கார்வே ஹிங்கணேயில் பாடுபட்ட அதே காலத்தில் நம் தமிழகத்திலும் இத்தொண்டு நடைபெற்றது. மயிலையில் பிறந்து இளமையிலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, 1911-ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் இளம் விதவையர்க்கு விடுதி நடத்தி அவர்களைப் படிக்க வைத்தார். அதன் அருகிலேயே 1914-ஆம் ஆண்டில் தோன்றிய மகளிர் கல்லூரி, பின்னர் ராணி மேரிக் கல்லூரி என்று பெயர் பெற்றது. புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் தனி ஒரு பெண்ணாய்ப் பயின்ற முத்துலட்சுமி அம்மையார், 1912-ஆம் ஆண்டில் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். மராத்திய மண்ணிலும் தமிழ் மண்ணிலும் நோய் ஒன்றே. மருந்தும் ஒன்றாகவே இருந்தது.

கார்வே மறைந்த அதே 1962-ஆம் ஆண்டில் தமிழகத்தில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் மறைந்தார். அவர் பெயரால் தமிழக அரசு ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு நிதியுதவி அளித்து வந்தது. 2022-ஆம் ஆண்டில் அவ்வுதவி உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளிகளில் பயின்று கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் ஆயிற்று. மணமேடையில் கிடைத்து வந்த பணம் வகுப்பறைக்கு இடம் மாறியது. கார்வே கேட்டிருப்பின் பெரிதும் மகிழ்ந்திருப்பார்.

இன்று நாம் கவனிக்க வேண்டுவது

2021-22-ஆம் ஆண்டில் மத்திய அரசு எடுத்த உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கல்லூரிகளிலும் பல்கலைக் கழகங்களிலும் பயின்றோர் சுமார் 4.33 கோடி. அவர்களுள் பெண்கள் 2.07 கோடி. கல்லூரிப் பருவத்தினரில் சேர்ந்தோர் விகிதத்தை நோக்கினால் ஆண்கள் நூற்றுக்கு 28.3, பெண்கள் 28.5. ஐவரில் தொடங்கிய கணக்கு ஏறத்தாழச் சமன் ஆகிவிட்டது. அமெரிக்காவில் 1982 முதலே இளநிலைப் பட்டம் பெறுவோரில் பெண்களே மிகுதி. அங்கு இப்போது ஆடவர் ஏன் கல்லூரியில் பின்தங்குகின்றனர் என்று ஆராய்கின்றனர். நம் நாட்டிலும் குடும்பச் சுமையால் பையன்கள் பிளஸ் டூவோடு வேலைக்குச் செல்வதைக் காண்கிறோம். எவர் இடையில் இறங்கினும் ஏன் இறங்கினர் என்று கேட்பதே கார்வே காட்டிய நெறி.

ஆயின் சேர்க்கைக் கணக்கு சமன் ஆனதோடு பணி முடிந்துவிடவில்லை. பொறியியல் இளநிலை வகுப்புகளில் பெண்கள் இன்றும் மூன்றில் ஒரு பங்கை எட்டவில்லை. நம் ஊர் அகாதெமியையே எடுத்துக்கொள்வோம். அது 1955 முதல் கடக்வாஸ்லாவில் இயங்கியும், உச்ச நீதிமன்றம் 2021-ஆம் ஆண்டில் ஆணையிட்ட பிறகே பெண்கள் நுழைவுத் தேர்வு எழுத வழி பிறந்தது. 2022-ஆம் ஆண்டில் சேர்ந்த முதற் பெண்கள் அணியினர் 17 பேர், 2025-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் முந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களோடு ஒரே அணிவகுப்பில் நடந்து பயிற்சி முடித்து வெளியேறினர். ஹிங்கணேயில் ஐவர், கடக்வாஸ்லாவில் பதினேழு பேர். தொடக்கங்கள் எப்போதும் சிறியனவே.

நம் இல்லங்களுக்கு வருவோம். என் தமக்கையார் என்னைவிட நன்கு படிப்பவர். எட்டாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில் இருந்தது என்பதே காரணம். பையனாகிய என்னை அதே பள்ளிக்குச் சைக்கிளில் அனுப்பினர். அவரைத் தடுத்தது சட்டமோ சாத்திரமோ அன்று, ஐந்து கிலோமீட்டர் சாலை. இன்று நம் சங்கக் குடும்பங்களில் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாதவர் எவரும் இலர். எனினும் அண்ணனுக்குத் தொலைவூர்ப் பொறியியற் கல்லூரியும் தங்கைக்கு வீட்டருகே கிடைத்த ஏதோ ஒரு பட்டமும் என்று பங்கிடும் வழக்கம் முற்றும் ஒழிந்ததா? இறுதியாண்டுத் தேர்வுக்கு முன்னரே நல்ல வரன் வந்ததென்று ஊருக்கு அழைத்துச் சென்று மணம் முடித்து, எஞ்சிய தேர்வுகளைப் பிறகு எழுதலாம் என்று கூறி, எழுதாமலே விட்டவை எத்தனை? சேர்க்கைப் பதிவேட்டில் அப்பெண் பெயர் இருக்கும். பட்டமளிப்புப் பட்டியலில் இராது.

ஆகவே அன்பர்களுக்கும் தாய்மார்களுக்கும் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. கல்லூரியில் சேர்ந்த பெண் பட்டம் பெறும் வரை மணப் பேச்சைத் தள்ளிவைப்போம். நம் சங்கமும் ஆண்டுவிழாச் செலவில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, பணமுடையால் படிப்பை நிறுத்தும் நிலையிலுள்ள இறுதியாண்டு மாணவ மாணவியர்க்குத் தேர்வுக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் கட்ட உதவலாம். கோடிக்கணக்கான ரூபாய் இதற்கு வேண்டியதில்லை. ஆறு ஏக்கர் நிலமும் ஒரு குடிசையும் நடக்கச் சலியாத கால்களும் கொண்டே அவர் தொடங்கினார்.

ஞாயிறுதோறும் குழந்தைகளை அணைக்கும் ஏரிக்கும் அழைத்துச் செல்லும் நாம், ஒருநாள் கார்வே நகருக்கும் அழைத்துச் செல்வோம். அங்குப் புத்தகப் பையோடு வெளிவரும் பெண்களின் கூட்டத்தைக் காட்டி, இவர்களுக்காக ஒரு கணக்கு வாத்தியார் நாள்தோறும் சேற்றில் நடந்தார் என்று சொல்வோம்.

வாழ்க மகரிஷி கார்வேயின் புகழ்! வளர்க நம் மகளிர் கல்வி!